சுவருக்கு அந்தப் பக்கத்து விடைத்தாள்

1981 நவம்பர் 14, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பிரட்டுத் தப்பு அடித்தார்கள். அம்மா ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். அப்பாவுக்கு அன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து. நான் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தேன், பாத்திரம் கழுவினேன், தம்பிகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டேன். மத்தியானம் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. காயப்போட்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். பொழுது சாய்ந்ததும் மரவள்ளிக்கிழங்கு அவித்து, கட்டைச் சம்பல் இடித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு சுவரோரம் பாய் போட்டு உட்கார்ந்தேன். எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ரத்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வெறும் இருட்டு. அடுப்புப் புகை தகரத்தின் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடையில்லாமல் போகும். பேச்சும் அப்படித்தான். ஒரு காம்பராவில் கருவாடு சுட்டால் பத்துக் காம்பராவிலும் கருவாடு மணக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். என் வயது, என் வகுப்பு. டிசம்பரில் நாங்கள் இருவரும் ஓ.எல். என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுத இருந்தோம். எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சைக்குப் போனதில்லை. மற்றப் பாடங்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆங்கிலம் மட்டும் வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்க ஆள் எடுக்கப்போகிறார்கள், ஆங்கிலத்தில் தேறிச் சித்தி வாங்கியிருந்தால் பெண்பிள்ளையையும் எடுப்பார்கள் என்று பெரிய கிளாக்கர் அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் இடைவேளையில்கூடப் புத்தகத்தை மூடவில்லை.

புத்தகம் என்றால் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். முன் அட்டை இல்லாத ஆங்கில இலக்கணப் புத்தகம். இரட்டைத் தேதியில் அவளுக்கு, ஒற்றைத் தேதியில் எனக்கு. விறகு அடுக்கின் மேல் ஏறி நின்று சுவருக்கு மேலாகக் கொடுப்போம், வாங்குவோம். ஒன்றாக உட்கார்ந்து படித்திருக்கலாம். ஆனால் விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளை வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம். அதனால் நாங்களே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டோம். புத்தகம் வைத்திருப்பவள் ஒரு வாக்கியத்தை எங்கும் நிறுத்தாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே மூச்சில் வாசிப்பாள். மற்றவள் அதற்குரிய குறிகளைச் சுவரில் வைக்கவேண்டும். கமாவுக்கு விரல் முட்டியால் ஒரு தட்டு. முற்றுப்புள்ளிக்கு இரண்டு. கேள்விக்குறிக்கு நகத்தால் ஒரு கீறல். ஆச்சரியக்குறிக்கு உள்ளங்கையால் ஓர் அறை. அதற்குச் சுண்ணாம்பு உதிரும், அம்மா திட்டுவாள். ஆகவே ஆச்சரியக்குறி உள்ள வாக்கியங்களை நாங்கள் கூடியவரை தவிர்த்தோம்.

லயம் முழுவதும் எங்களோடு சேர்ந்து படித்தது. அவளுக்கு அடுத்த காம்பராவில் ஒரு பெரியப்பா இருந்தார். எங்களுக்கு உறவில்லை, லயத்துக்கே பெரியப்பா.

“ஏம்மா, இன்னைக்கு கமா கம்மியா இருக்கே. மழைக்கு வரலையா?” என்பார்.

“நீங்க தூங்குங்க பெரியப்பா.”

“எங்க தூங்குறது. மொதல்ல ஒங்க பெரியம்மாவுக்கு ஒரு ஃபுல்ஸ்டாப்பு வச்சுட்டுப் போங்க. கட்டுன நாள்லேருந்து வைக்க ஆளில்ல.”

“ஆமா, இவருக்கு மட்டும் வாயில கமாதான்,” என்று பெரியம்மாவின் குரல் வரும். “சாராயக் கடைக்குப் போற வழியில மட்டும் நிக்காம போவாரு.”

பத்துக் காம்பராவும் சிரிக்கும். இங்கிலீஷ் தெரியாத அத்தனை பேருக்கும் கமா எது, முற்றுப்புள்ளி எது என்று தெரிந்திருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது நீட்டிப் பேசினால், பக்கத்தில் நிற்பவள் கூடையில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

அந்தப் பதினான்காம் தேதி இரவு அவள் ஏழெட்டு வாக்கியம் வாசித்தாள். நான் தட்டினேன். ஒன்றில் பிழை விட்டேன், மறுபடி வாசித்தாள். பிறகு சற்று நிறுத்தி, அதே தட்டையான குரலில் வாசித்தாள்: “வீ ஆர் லீவிங் ஆன் தி ட்வெண்டி எய்த் ஆஃப் நவம்பர்.”

சின்ன வாக்கியம். நான் உடனே இரண்டு தட்டுத் தட்டினேன்.

“சரி,” என்றாள்.

“லேசா இருக்கே. எந்தப் பக்கம்?”

“புத்தகத்துல இல்ல.”

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் வாசிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பாத்திரம் கவிழ்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. வாக்கியத்தை நான் மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். நாங்கள், போகிறோம், நவம்பர் இருபத்தெட்டு. மனுக் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு குடும்பமாக வரும், இந்தியாவுக்குப் போகும் தேதி அவர்களுக்கு வந்துவிட்டது. அவள் அப்பா அன்று மத்தியானம் ஆபீசுக்குப் போய்வந்ததைப் பார்த்தும் நான் எதையும் யோசித்திருக்கவில்லை. லயத்தில் யாருக்கும் தெரியுமுன் அதை எனக்குச் சொல்ல அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. தமிழில் சொன்னால் பத்துக் காம்பராவும் கேட்டுவிடும்.

அவர்கள் ஏன் போகவேண்டும், நாங்கள் ஏன் இருக்கவேண்டும் என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. நாங்கள் இருவரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, இந்தியப் பிரஜாவுரிமையா, இலங்கைப் பிரஜாவுரிமையா என்று கேட்டு மனு எழுத ஒருவர் லயத்துக்கு வந்திருக்கிறார். அவர் முதல் முனையிலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். முதல் காம்பராக்காரர் இந்தியா என்றார், இரண்டாவது காம்பராக்காரர் அவருக்குத் தம்பி முறை, அவரும் இந்தியா என்றார். அப்படியே வரிசையாக அவள் அப்பாவரை வந்துவிட்டது. என் அப்பா அந்த வாரம் வயிற்று வலியென்று மாத்தளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் திரும்பி வந்தபோது எழுதியவர் வேறொருவர். அவர் கேட்டார், அப்பா “இங்கயே போடுங்க” என்றார். இடையில் ஒரு சுவர், ஒரு வயிற்று வலி. அவ்வளவுதான்.

மறுநாள் பீலியில் நாங்கள் இருவரும் துணி துவைத்தோம். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.

“பரீட்சைக்கு மொதல்லயா போறீங்க?” என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

“கப்பல்காரங்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?” என்றாள். பிறகு சோப்பை என் பக்கம் தள்ளினாள். “நான் எழுதிட்டுத்தான் போவேன் புள்ள. அப்பாக்கிட்டச் சொல்லிட்டேன்.”

அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் நடந்தது இது ஒன்றுதான். பரீட்சை எழுதிவிட்டுப் போவதா, எழுதாமல் போவதா.

முதலில் என் அம்மா பேசிப் பார்த்தாள். அவள் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மாசந்தானே தங்கச்சி. புள்ள எங்ககூட இருக்கட்டும். எழுதி முடிச்சதும் மேட்டு லயத்துல போற சனத்தோட அனுப்பிவிடுறேன்.”

“எப்பிடிக்கா அனுப்புவீங்க? எல்லாருக்கும் ஒரே பாஸ்போட்டு. ஒரே போட்டோ. அவள மட்டும் வெட்டிக் குடுத்துட்டா போக முடியும்?”

உண்மைதான். மாத்தளை ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்பா, அம்மா, நடுவில் இரட்டைப் பின்னலோடு அவள். கழுத்து வலிப்பவள்போல நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பாஸ்போர்ட் கடலைத் தாண்டினால் அவளும் தாண்டியாகவேண்டும். பின்தங்கினால் அவளுக்கு எந்த நாட்டிலும் ஒரு தாளும் இருக்காது.

பிறகு அவள் அப்பா பெரிய கிளாக்கரிடம் போனார். தேதியைத் தள்ளிப்போட எழுதிக் கேட்கலாம், ஆனால் மறுபடி எப்போது கிடைக்குமென்று சொல்லமுடியாது என்றார் கிளாக்கர். அவள் அப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் அம்மா கையைத் தட்டில் வைத்தபடி காது கொடுத்தாள்.

“எழுதிக் கேப்போமா?” என்றார் அவள் அப்பா.

“ஆகஸ்ட்டு மறந்துபோச்சா?” என்றாள் அவள் அம்மா.

அந்த ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களைக் கொளுத்தினார்கள். அவள் அம்மாவின் தங்கை குடும்பம் உடுத்த துணியோடு தேயிலைக்குள் ஒளிந்திருந்து, பிறகு எங்கள் லயத்தில் வந்து தங்கியிருந்தது. அந்தத் தங்கையின் கைக்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது எனக்கும் நினைவிருக்கிறது.

“இன்னொரு தடவ அத நான் பாக்க மாட்டேன்,” என்றாள் அவள் அம்மா. “எம்புள்ள இங்கிலீசு இல்லாம உசுரோட இருக்கட்டும்.”

அவள் அப்பா அவளிடம் குரலைத் தாழ்த்தினார். “ஆத்தா, அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க எழுதிக்கலாம்.”

“அங்க வேற பரீட்சப்பா,” என்றாள் அவள்.

என் அம்மா தட்டைக் கழுவ எடுத்துப் போனாள்.

பரீட்சை அனுமதி அட்டைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதற்கடுத்த புதன்கிழமை. பலாபத்வலையிலிருந்து பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் டீச்சர் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். பரீட்சைக்குரிய அவள் சுட்டெண்ணும் என் சுட்டெண்ணும் அடுத்தடுத்த எண்கள். அவள் அட்டையை வாங்கி, ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினாள். அவள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத வச்சுக் கப்பல்ல ஏறலாமா?”

“ஏற முடியாது.”

“அப்ப அந்தப் பொட்டிக்குள்ள போடு.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் வழக்கம்போல் புத்தகம் இருக்கும் தேதியில் வாசித்தாள், இல்லாத தேதியில் தட்டினாள். “எழுதாத பரீட்சைக்கு ஏண்டி தட்டுற?” என்று ஒருநாள் சுவருக்கு மேலாகக் கேட்டேன். “நீ எழுதுற பரீட்சதானே. வாசி,” என்றாள். அந்த வாரங்களில் பாத்திரங்கள் விலைக்குப் போயின, ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அம்மி எங்கள் வாசலுக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் பொருட்கள் குறையக் குறைய அவள் குரல் எதிரொலித்தது. வெறும் அறையில் ஒரு தட்டு மூன்று தட்டாகக் கேட்கும். எது கமா, எது முற்றுப்புள்ளி என்று பிரித்தறிய நான் சுவரில் காதை வைக்கவேண்டியிருந்தது.

இருபத்தேழாம் தேதி மாலை அவள் அம்மாவிடம் ஒன்று கேட்டாள். அதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“நாளைக்கு லொறி மத்தியானந்தானே வருது. காலையில எனக்கு மூணு மணித்தியாலம் குடுங்கம்மா. போன வருசத்துப் பேப்பர் டீச்சர் குடுத்தாங்க. நான் அத எழுதிப் பாத்துட்டு வாறேன்.”

அவள் அம்மா நீண்ட நேரம் மூட்டைக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தாள். “எழுது,” என்றாள்.

இருபத்தெட்டு, சனிக்கிழமை காலை. அறையில் கட்டிவைத்த மூட்டைகள், ஒரு தகரப் பெட்டி, கழுவிய தரை. அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பலகை போட்டு எழுதினாள். மேற்பார்வையாளர் நான். அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். “இனித் தொடங்கலாம்,” என்று டீச்சர் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முதல் தாளின் மேல் மூலையில் சுட்டெண்ணை எழுதினாள். பெயர் எழுதக்கூடாது என்பது விதி, எழுதவில்லை.

வெளியே சனம் கூடத் தொடங்கியது. போகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுவதற்காக மேட்டு லயத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். முதல் குரல் எழும்பியதுமே அவள் அம்மா வாசலுக்குப் போய் நின்றாள்.

“சத்தம் போடாதீங்கக்கா. உள்ள பரீட்ச நடக்குது.”

“என்ன நடக்குது?”

“பரீட்ச. முடியட்டும், அப்பறம் அழுவோம்.”

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திண்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியப்பா நாய்களை விரட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தம்பிகள் பேசினால் யாராவது ஒருவர் மண்டையில் குட்டினார்கள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் அம்மா நகராமல் நின்றாள். அவளைத் தாண்டி ஒரு கோழிகூட உள்ளே வரவில்லை.

லொறி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. டிரைவர் ஒரு சிங்களப் பையன். ஹார்ன் அடித்தான். அவள் கை ஒரு தடவை நின்று, பக்கத்தைப் புரட்டி, மறுபடி ஓடியது.

“பொட்டக் இன்ன மல்லி,” என்றாள் அவள் அம்மா. கொஞ்சம் இரு தம்பி.

அவன் ஏன் என்று கேட்டான். “விபாகே,” என்றாள், கையை உள்ளே காட்டி. பரீட்சை. அவன் இறங்கிவந்து அவளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பெட்டியின்மேல் ஒரு பெண் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். திரும்பிப்போய் இஞ்சினை நிறுத்தினான். பிறகு பெரியப்பாவிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு, தனக்கும் இங்கிலீஷ்தான் போனது, இரண்டு தடவை போனது என்று சிங்களத்தில் சொன்னான். “அப்ப லொறியே ஓட்டு,” என்று பெரியப்பா சிங்களத்தில் பதில் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

கடைசிக் கேள்வி கட்டுரை. ஒரு பானம் தயாரிக்கும் முறையை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் தேத்தண்ணீர் போடுவதை எழுதினாள். நேரம் முடிந்தது என்று நான் சொன்னபோது அவள் பேனாவை மூடிவிட்டிருந்தாள். தாள்களைச் சேர்த்துத் தைத்து என்னிடம் நீட்டினாள்.

“திருத்தி வை.”

“சரி.”

“நான் போறேன்னு மார்க்க வாரிக் குடுக்காத.”

“குடுக்கமாட்டேன்.”

அவ்வளவுதான் பேசினோம். அவள் அம்மா கதவிலிருந்து விலகினாள், காத்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். அதுவரை அடக்கிவைத்த அழுகை அந்தச் சின்ன அறைக்குள் கொள்ளவில்லை. அவள் அம்மா என் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக் கத்தியது இப்போதும் எனக்குக் கேட்கிறது. என் கையில் தாள்கள் இருந்தன, நான் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. கசங்கிவிடும் என்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளை அப்படித்தான் கடைசியாகப் பார்த்தேன், பல பெண்களின் தலைகளுக்கு நடுவில், தூக்கிய என் கைகளுக்குக் கீழே. லொறி கிளம்பும்போது அவள் அப்பா என்னைக் கூப்பிட்டு, “காம்பராச் சாவிய ஆபீசுல குடுத்துரு தாயி,” என்றார்.

டிசம்பரில் நான் பரீட்சை எழுதினேன். அவள் மேசை எனக்கு முன்னால் இருந்தது. சுட்டெண் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் எனக்குச் சாதாரண சித்தி. அதை வைத்துத்தான் பின்னர் ஆசிரியை ஆனேன். இப்போது நானே பிள்ளைகளுக்குக் கமாவும் முற்றுப்புள்ளியும் சொல்லிக்கொடுக்கிறேன். துறையூர்ப் பக்கத்தில் அவள் அப்பாவின் ஊர் என்று சொல்லியிருந்த முகவரிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. அவர்களை ஊருக்கு அனுப்பாமல் முகாமிலிருந்து நேரே நீலகிரிப் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு போன ஒருவர் எழுதினார். அங்கேயும் கொழுந்துதான் என்றும் எழுதியிருந்தார். எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. எண்பத்துமூன்றுக்குப் பிறகு அவரும் எழுதவில்லை, கப்பலும் நின்றுபோனது. அவள் உயிரோடு இருந்தால் என் வயதுதான்.

லொறி போன அன்று இரவு நான் விளக்கேற்றவில்லை. அம்மா சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். படுத்தேன்.

நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் வந்ததும் எழுந்து, முகம் கழுவாமல், முதல் வேலையாக அவள் விடைத்தாளைத் திருத்தினேன். சிவப்புப் பென்சிலைச் சீவி, ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். சரியானதற்குச் சரி, பிழையானதற்குப் பிழை. நடுவில், பத்து வாக்கியங்களுக்குக் குறி வைக்கும் கேள்வி முழுவதும் வெறுமையாக இருந்தது. வினாத்தாளில் அந்தக் கேள்வி மட்டும் தனிப் பக்கத்தில் இருந்தது. ஹார்ன் அடித்த நேரத்தில் அவள் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறாள். பத்து மார்க் கேள்வி. அதற்கான விடைகள் அத்தனையும் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குறிகளைத்தான் அவள் அந்த மாதம் முழுவதும் சுவர் வழியாக எனக்குச் சொல்லித்தந்திருந்தாள். பென்சிலை மறுபடி சீவினேன். பிறகு பூச்சியம் போட்டேன். தேத்தண்ணீர்க் கட்டுரைக்குப் பதினைந்துக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் இரண்டு தடவை கூட்டினேன். எழுபத்தொன்று வந்தது. முதல் தாளில், சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதி, கீழே கோடு போட்டேன்.